புழுதி பறக்காத மண் பந்தயப் பாதை

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே அமைந்த வல்லக்கோட்டை, முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஏரியும் வயலும் மேட்டு நிலமுமாக இருந்த இந்த வட்டாரத்தைச் சுற்றி இன்று மோட்டார் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிளும், ஒரகடத்தில் லாரியும் காரும், இருங்காட்டுக்கோட்டையில் காரும் தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டையிலேயே சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் பந்தயப் பாதை 1990ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. அதற்கு முன் சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்து வந்தன.

இவையெல்லாம் கெட்டித் தளத்தில் ஓடும் பந்தயங்கள். மண்ணில் ஓடும் பந்தயம் வேறு வகை. கொங்கு நாட்டு ரேக்ளா வண்டி, வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்து எருது விடும் விழா, மண்ணில் சறுக்கி வளையும் மோட்டார் சைக்கிள் பந்தயம் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. கர்நாடகத்தில் கோலார் அருகே மோட்டார் சைக்கிள்களுக்கென்றே மண் பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. 2015ஆம் ஆண்டு டக்கார் பாலைவனப் பந்தயத்தை ஓடி முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ் அவற்றை ஏற்படுத்தினார்.

மண் பந்தயத்துக்கு வேண்டியது நிலமும் நீரும் பதம் தெரிந்த கையும். மூன்றும் விவசாயியிடம் இருப்பவை. அறுவடை முடிந்து கோடையில் தரிசாகக் கிடக்கும் நிலத்தை நாலு நாளைக்குக் கேட்டு யாரேனும் வந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். கோடைக் காற்றில் பாதையைப் புழுதியில்லாமல் வைத்திருப்பது எப்படி என்பது ஒன்று. பந்தயம் முடிந்தபின் அந்த நிலம் மறுபடி விளைய வேண்டுமே என்பது மற்றொன்று. பின்னதை மறந்தால் நாலு நாள் வாடகைக்காக நாலு வருட விளைச்சல் போய்விடும்.

புழுதி ஏன் கிளம்புகிறது?

புழுதி உழவு விவசாயிக்கு நன்மை. பந்தயப் பாதைக்கு அதே புழுதி பகை. மண்ணின் பொடித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பவை இரண்டு: களியும், அதற்குள் இருக்கும் ஈரமும். ஈரம் போனால் பிடிப்பு போகிறது. அதன்மேல் சக்கரமோ குளம்போ ஓடினால் மேல்மண் அரைபட்டு மாவாகிறது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

புழுதியால் வரும் கேடு, பார்ப்பவர் சட்டை அழுக்காவதோடு நிற்பதில்லை. பின்னால் வரும் ஓட்டிக்கு முன்னால் விழுந்து கிடப்பவர் தெரியாமல் போகும். மிக நுண்ணிய மண் தூள் நுரையீரலின் அடிவரை இறங்கும்; குழந்தைகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் இது ஆபத்து. பக்கத்து நிலத்தில் கத்தரியோ வெண்டையோ இருந்தால் இலைமேல் புழுதி படிந்து செடி வாடும். சிலந்திப் பேன் பெருகுவதற்கும் அது வழி செய்யும். இரண்டு நாள் பந்தயத்துக்காகப் பக்கத்து நிலத்துக்காரரோடு மனத்தாங்கல் தேவையா என்பதை யோசிக்க வேண்டும்.

எந்த மண் ஏற்றது?

வல்லக்கோட்டை வட்டாரத்தில் மேட்டு நிலங்களில் மணல் கலந்த செம்மண்ணும் சரளையும், ஏரிப் பாசன நிலங்களில் களி கலந்த மண்ணும் காணப்படும். வெறும் மணல் எவ்வளவு நீர் ஊற்றினாலும் இறுகாது. வெறும் களி நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும். இரண்டும் கலந்த செம்மண் பாதைக்கு ஏற்றது.

இதை அறிய எளிய சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணைச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நாடாவாகத் தள்ள வேண்டும். நாடா வராமல் உதிர்ந்தால் மணல் அதிகம். ஒரு அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை நீண்டு பிறகு ஒடிந்தால் நல்ல மண். அதற்கு மேலும் ஒடியாமல் நீண்டால் களி அதிகம்.

மணல் நிலமாக இருந்தால் ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்லக்கூடும். ஏரியிலிருந்து வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க அரசு அனுமதி தருவது விவசாயம், வீட்டு உபயோகம், மண்பாண்டத் தொழில் ஆகியவற்றுக்குத்தான். வயலுக்கென்று வாங்கிய அனுமதியில் பந்தயப் பாதைக்கு மண் அடிப்பது முறையன்று. வேறு நிலம் பார்த்துக்கொள்ளச் சொல்வதே நலம்.

நீர்க் கணக்கு

சிறு பந்தயத்துக்கு 400 மீட்டர் சுற்றளவும் 8 மீட்டர் அகலமும் உள்ள வட்டப் பாதை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பரப்பு 3,200 சதுர மீட்டர். அதாவது சுமார் 80 சென்ட்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். ஆகவே பாதை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் தெளிக்க 3,200 லிட்டர் ஆகும். கோடையில் இந்தப் பகுதியில் திறந்து வைத்த நீர் ஒரு நாளில் 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை ஆவியாகும். அதில் பெரும்பங்கு முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் இடையில் போய்விடும். காற்றும் சேர்ந்தால் உச்சி வேளையில் தெளித்த ஒரு மில்லிமீட்டர் நீர் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குமேல் நிற்காது. பகலில் டேங்கரை ஓட்டி ஓட்டித் தெளித்தும் புழுதி அடங்கவில்லை என்று அங்கலாய்ப்பதற்குக் காரணம் இதுதான்.

நீர் மேலே நிற்பதால் பயனில்லை. மண்ணுக்குள் நாலு அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். அடியில் ஈரம் இருந்தால் மேல்மண் காயக் காய அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். உலர்ந்த உழவு மண்ணில் நாலு அங்குல ஆழத்துக்கு ஈரத்தை 4 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு உயர்த்த, சதுர மீட்டருக்கு சுமார் பத்தரை லிட்டர் வேண்டும். மொத்தப் பாதைக்கும் 33,000 லிட்டரைச் சற்றுத் தாண்டும். 12,000 லிட்டர் டேங்கர் மூன்று நடை போதும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒருமுறை இரண்டு அங்குலம் நீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் செலவாகிறது. அதில் ஆறில் ஒரு பங்குதான் இது.

ஆனாலும் கோடை நீர் அருமையான நீர். மாடு குடிக்கும் குட்டையிலிருந்தும், ஊர்க் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் எடுக்கக்கூடாது. உப்பு நீர்க் கிணறும் உதவாது. பாதை காயும்போது உப்பு மேலே பூத்து நிலத்திலேயே தங்கிவிடும்.

முந்திய நாட்களின் வேலை

பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்பு கொக்கிக் கலப்பையால் நாலு அங்குல ஆழம் உழுதுவிட வேண்டும். கல், வேர்க்கட்டை, கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்கி எடுக்கப்பட வேண்டும். சக்கரம் கிளப்பும் கல் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். கட்டிகளை உடைத்துப் பரம்படித்து மட்டம் செய்ய வேண்டும். உட்பக்கம் சற்றுச் சரிவு இருந்தால், எதிர்பாராத கோடை மழை பெய்தாலும் நீர் தேங்காது.

இரண்டு நாள் முன்பு, வெயில் தாழ்ந்து காற்று அடங்கியபின் நீர் தெளிக்கத் தொடங்கலாம். டேங்கரின் பின்னால் துளையிட்ட குழாய் கட்டி, மெதுவாக ஓட்டிச் செல்ல வேண்டும். ஒரே நடையில் ஊற்றினால் மேல்மண் சேறாகி, நீர் பள்ளத்துக்கு ஓடிவிடும். மூன்று நடையாகப் பிரித்து, ஒவ்வொரு நடைக்கும் இடையில் ஒரு மணி நேரம் மண் குடிக்க விட வேண்டும். இரவில் ஆவியாகும் நீர் மிகக் குறைவாதலால் தெளித்ததெல்லாம் மண்ணுக்கே சேரும்.

மறுநாள் அதிகாலையில் லேசாக ஒரு உழவு கொடுத்து ஈரமண்ணையும் உலர்மண்ணையும் கலந்துவிட வேண்டும். பரம்படித்து, பகலில் ஈரம் போகாதபடி உருளையால் ஒருமுறை லேசாக அழுத்தி மூடி வைக்கலாம். அன்று மாலை குறைந்த இடங்களில் மட்டும் மறுபடி தெளித்து, இரவு முழுதும் ஊற விட வேண்டும்.

உருளை ஓட்டும் பதம்

பந்தய நாள் விடியற்காலையில் பதம் பார்ப்பதே முக்கிய வேலை. இரண்டு அங்குலத்துக்குக் கீழிருந்து ஒரு பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் சேறு ஒட்டினால் ஈரம் மிகுதி. சற்று உலர விட வேண்டும். உருண்டை நின்று, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம் சரி.

இந்தப் பதத்தில் உருளை ஓட்டினால் மண் கல்போல் இறுகும். உலர்ந்த மண்மேல் எத்தனை முறை ஓட்டினாலும் மேலே தட்டையாகத் தெரியும், உள்ளே இறுகாது. ஈரம் மிஞ்சிய மண்மேல் ஓட்டினால் உருளையோடு மண் ஒட்டிக்கொண்டு எழும்பும். முதலில் இலகுவான உருளை, பிறகு கனமான உருளை என்று ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டி வர வேண்டும். வெயில் ஏறுமுன் இந்த வேலை முடிந்துவிட வேண்டும்.

நெல் அடிக்கும் மண் களம் போட்டவர்களுக்கு இந்தப் பதம் புதிதல்ல. மண்ணைக் கிளறி நனைத்து, ஒரு இரவு ஊறவிட்டு, பதத்தில் இறுக்கி, மேலே சாணம் மெழுகும் அதே கைப்பழக்கம்தான். ஆனால் ஓடும் சக்கரமும் குளம்பும் கிழிக்கும் பாதையில் சாணப் பூச்சு நிற்காது. இங்கே ஈரமே பூச்சு.

காற்றைத் தடுப்பது

இந்தப் பக்கம் கோடையில் காலையிலிருந்து வறண்ட மேல்காற்று வீசும். வல்லக்கோட்டை கடலிலிருந்து தள்ளியிருப்பதால் கடற்காற்று தாமதமாகவே வந்து சேரும். சில நாட்களில் வருவதே இல்லை. ஆகவே பாதையின் மேற்குப் பக்கத்தில் தடுப்பு இருந்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும்.

சோளத்தட்டு, பனை ஓலை, சவுக்கு மிலாறு, பசுமை நிழல் வலை எதுவும் பயன்படும். சுவர்போல் அடைத்துவிடக்கூடாது. அடைத்தால் காற்று மேலே ஏறித் தடுப்புக்குப் பின்னால் சுழன்று விழுந்து புழுதியைக் கிளப்பும். பாதிக் காற்று ஊடே நுழையும்படி இடைவெளி விட்ட தடுப்பே நல்லது. தடுப்பின் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். ஆறடி வேலி அறுபது அடி வரை காக்கும். பார்வையாளர்களைக் காற்று வரும் மேற்குப் பக்கத்தில், தடுப்புக்கும் அப்பால் நிறுத்த வேண்டும். கிழக்கே நிறுத்தினால் கிளம்பும் தூசி முழுவதும் அவர்கள் மேலேயே போகும்.

நேரமும் ஒரு தடுப்பே. அக்னி நட்சத்திர நாட்களில் காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை ஓட்டி நிறுத்திவிட்டு, மாலை மறுபடி தொடங்குவது மண்ணுக்கும் நல்லது, மனிதருக்கும் மாட்டுக்கும் நல்லது.

பந்தயம் நடக்கும்போது

சுற்றுக்குச் சுற்று மேல்மண் கொஞ்சம் உதிர்ந்து வளைவுகளின் வெளிப்பக்கத்தில் சேரும். அதைத் தள்ளிவிடாமல், இடைவேளையில் பரம்புப் பலகையால் பாதைக்கே இழுத்து, சிறிது நனைத்து அழுத்திவிட வேண்டும். உதிர்ந்த மண்ணில்தான் களித் துகள் இருக்கிறது. அதை இழந்தால் அடுத்த சுற்றுகளில் மணலும் சரளையும் மட்டுமே மிஞ்சும்.

சில இடங்களில் பாதை கண்ணாடிபோல் பளபளத்துக் கறுத்திருக்கும். அதன்மேல் நேரடியாக நீர் தெளிப்பது பெரும் ஆபத்து. இறுகிய பரப்பு நீரைக் குடிக்காது. மேலே எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வேகமாக வருபவர் விழுந்தால் எலும்பு முறியும். ஓடி வரும் எருது சறுக்கினால் கால் போய்விடும். முதலில் அரை அங்குலம் கீறிவிட்டு, பிறகு தெளித்து, கால் மணி நேரம் விட்டு, மெதுவாக ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தபின்பே அடுத்த சுற்றுக்கு அனுமதிக்க வேண்டும்.

கழிவு எண்ணெய் வேண்டாம்

தொழிற்சாலையும் மோட்டார் பட்டறையும் நிறைந்த இந்தப் பகுதியில், புழுதி அடங்கப் பழைய என்ஜின் எண்ணெயைத் தெளித்தால் போதும், நீர்ச் செலவு மிச்சம் என்று யோசனை சொல்பவர்கள் கிடைப்பார்கள். இதை ஒருபோதும் ஏற்கக்கூடாது.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் 1971ஆம் ஆண்டு ஒரு குதிரை லாயத்தின் மண் மைதானத்தில் புழுதி அடங்கக் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். சில நாட்களிலேயே பறவைகள் செத்து விழுந்தன. அடுத்துக் குதிரைகள் ஒவ்வொன்றாக நோயுற்று, ஏராளமானவை மடிந்தன. அங்கே விளையாடிய குழந்தைகளும் நோயுற்றார்கள். ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவு அந்த எண்ணெயோடு கலந்திருந்தது என்பதும், அதில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு இருந்தது என்பதும் 1974இல்தான் தெரிய வந்தது. அதே மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற சிற்றூரின் மண் சாலைகளிலும் இதேபோல் எண்ணெய் தெளிக்கப்பட்டிருந்தது. 1983இல் அரசு அந்த ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊர் அது. இன்று அந்த இடத்தில் ஊர் இல்லை, பூங்கா இருக்கிறது.

எல்லாக் கழிவு எண்ணெயிலும் டையாக்சின் இருப்பதில்லை. ஆனால் பீப்பாயில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. சாதாரண என்ஜின் கழிவு எண்ணெயிலும் ஈயம் போன்ற உலோகங்களும் நச்சுப் பொருள்களும் உண்டு. அவை மண்ணில் தங்கும். மழையோடு ஏரிக்கும் கிணற்றுக்கும் இறங்கும். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளின்படி கழிவு எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்கே கொடுக்க வேண்டும். நிலத்தில் கொட்டுவது குற்றம்.

சாலை வேலைகளில் புழுதி அடங்கக் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகளைத் தெளிப்பதுண்டு. அவை காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைப்பவை. பயிரிடாத சாலைக்கு அவை சரி. பயிரிடும் நிலத்தில் உப்பு சேர்ந்தால் முளைப்பு கெடும். விளைநிலத்தில் போடும் பாதைக்கு நீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

நிலத்தை மீட்பது

பந்தயம் முடிந்த நிலம் சாலைபோல் இறுகியிருக்கும். அப்படியே விட்டால் மழைநீர் இறங்காது; வேரும் இறங்காது. மேலாக ஒரு உழவு ஓட்டினால் போதாது. நிலம் உலர்ந்திருக்கும்போதே உளிக் கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் 40 சென்டிமீட்டர் ஆழம்வரை கீறிவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது கீறினால் மண் பிளக்காது. குறுக்கும் நெடுக்குமாக இருமுறை ஓட்டுவது நலம்.

பிறகு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட்டு உழ வேண்டும். முதல் மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கத் தொடங்கும் 45ஆம் நாள் வாக்கில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும். 80 சென்ட் பாதைக்கு 4 டன் உரமும் 16 கிலோ விதையும் ஆகும். உளிக் கலப்பை வாடகை, உரம், விதை, ஆள்கூலி இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகைக்கு மேல் மிஞ்சுவதையே வருமானமாகக் கொள்ள வேண்டும்.

எழுதி வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் நிலத்தைக் கொடுக்கக்கூடாது. எத்தனை நாள், எவ்வளவு பரப்பு, நீருக்கு யார் பொறுப்பு, நிலத்தைச் சீர்செய்யும் செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எண்ணெயோ உப்போ தெளிக்கமாட்டோம், மேல்மண்ணை எடுத்துச் செல்லமாட்டோம் என்ற இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும். சீர்செய்யும் தொகையை முன்பணமாகவே வாங்கிக்கொள்வது நல்லது. மாவட்ட நிர்வாகம், காவல்துறை ஆகியவற்றின் எழுத்து மூலமான அனுமதியைப் பந்தயம் நடத்துபவர் காட்டிய பிறகே கலப்பை இறங்க வேண்டும். காளைகள் ஓடும் நிகழ்ச்சியானால் விதிகள் மேலும் கடுமையானவை. கால்நடை மருத்துவர் இல்லாமல் நடத்த இடம் கொடுக்கக்கூடாது.

பதம் அறிந்து நனைத்து, விடியலில் இறுக்கி, வெயிலில் ஓய்வு கொடுத்த பாதையில் ஓடுபவரும் பிழைப்பார், பக்கத்துப் பயிரும் பிழைக்கும். எண்ணெயும் உப்பும் படாத மண், ஆடி மாதத்து மழை பெய்ததும் மறுபடி ஏருக்கு இணங்கும்.